ஐந்தாம் கம்பியை இழுத்தது யார்

"அழகு" என்று எழுதியிருந்தார் என் வீட்டுக்காரர். எனக்கில்லை, புதுப்பொண்ணுக்கு.

புதுப்பொண்ணு என்றதும் யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் கடைசியாக வந்து சேர்ந்தவருக்கு, அடுத்த ஆள் வரும்வரை அதுதான் பெயர். இவளுக்கு முன்னால் சேர்ந்தவன் ஆறடி உயரம், கட்டை மீசை. அவனையும் புதுப்பொண்ணு என்றுதான் கூப்பிட்டோம், அவனும் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து நிற்பான். அப்போது வயிறு வலிக்கச் சிரித்தவள் நான். இவள் வந்த பிறகு, அந்தப் பெயரை என் வீட்டுக்காரர் வாயிலிருந்து கேட்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே நிறுவனத்தில், ஒரே அறையில் வேலை பார்க்கிறோம். அட்டைப்பெட்டி வெட்டும் இயந்திரங்களை ஓட்டுகிற கணினிக்குக் கெர்னல் எழுதுவது எங்கள் குழுவின் வேலை. கெர்னல் என்பது கணினியின் அடிமடியில் இருக்கும் நிரல். அது இருப்பதே வெளியே தெரியாது, ஆனால் எது நின்றாலும் அதைத்தான் திட்டுவார்கள். வீட்டில் எனக்கு இருக்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். குழுவுக்கு அவர் தலைவர். யார் எதை எழுதினாலும் அவர் பார்த்து ஒப்புதல் போட்டால்தான் உள்ளே போகும். அந்த ஒப்புதல் ஒரே ஒரு சொல்: "சரி". சந்தேகம் என்றால் "ஏன்?" என்று எழுதுவார். தப்பு என்றால் "இங்கே பார்". இத்தனை வருஷத்தில் இந்த மூன்றைத் தாண்டி நான்காவதாக ஒன்றை அவர் யாருக்கும் எழுதி நான் பார்த்ததில்லை.

என் நிரலுக்கு எப்போதும் "சரி"தான். இடுப்பு வரை இருந்த முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றபோதும் அதே "சரி"தான் கிடைத்தது. மனுஷனிடம் சரக்கு அவ்வளவுதான், இல்லாததை எங்கே போய்த் தேடுவது என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் சரக்கு இருந்திருக்கிறது. எனக்கென்று எடுத்து வைக்கத்தான் மனம் வரவில்லை.

அவள் எழுதியது இன்டரப்ட் பகுதியை. அது என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சலின் அளவு விளங்காது. அந்த இயந்திரங்களில் கார்டுகள், அதாவது சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகள், செருகியிருக்கும். ஒரு கார்டு பெல்ட்டில் போகும் பெட்டிகளை எண்ணும். இன்னொரு கார்டு பெட்டியின் மேல் தேதி அச்சடிக்கும். ஒரு கார்டுக்கு ஏதாவது தேவை என்றால் அது தன் கம்பியை இழுக்கும். கெர்னல் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு என்னவென்று போய்ப் பார்க்கும். அந்த இழுப்புதான் இன்டரப்ட். புது இயந்திரங்களில் ஒவ்வொரு கார்டுக்கும் தனி வழி உண்டு. எங்கள் வாடிக்கையாளர்கள் வைத்திருப்பதெல்லாம் அந்தக் காலத்துச் சாமான்கள். கம்பிகள் குறைவு, கார்டுகள் அதிகம், அதனால் ஒரே கம்பியில் இரண்டு மூன்று பேர் தொங்குவார்கள். ஐந்தாம் கம்பி இழுபட்டால், இழுத்தது யார் என்று கெர்னலுக்குத் தெரியாது. அந்தக் கம்பியில் இருக்கும் ஒவ்வொரு கார்டின் டிரைவரையும் வரிசையாகக் கேட்கும்: "உன்னுதா?" டிரைவர் தன் கார்டைப் பார்த்துவிட்டு "என்னுது" என்றோ "என்னுது இல்லை" என்றோ சொல்ல வேண்டும். ஒருவர் "என்னுது" என்றதும் கெர்னல் மற்றவர்களைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிடும்.

டிரைவர் என்பதும் ஒரு நிரல்தான், கார்டை ஓட்டுகிற சின்ன நிரல். என் மாமியாருக்கு இது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, இவ்வளவு தகராறு பண்ணுகிற டிரைவர்களை ஏன் வைத்துக்கொண்டு அழுகிறீர்கள், கணக்கை முடித்து அனுப்பிவிட்டு வேறு ஆள் பாருங்கள் என்று மகனுக்குப் புத்தி சொன்னார். அவர் அதற்கும் "சரிம்மா" என்றார்.

கெர்னலிலேயே அந்தப் பகுதிதான் அலங்கோலம். கார்டு கார்டாகச் சேரச் சேர, வந்தவர் போனவரெல்லாம் ஆளுக்கொரு ஒட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். பிரித்துப் போட்டு ஒழுங்காக எழுதலாம் என்று நான் கேட்காத நாளில்லை. "ஓடுது இல்ல, கை வைக்காதே" என்று வாயை அடைத்தவர் இதே மனிதர். புதுப்பொண்ணு வந்தாள், எழுதட்டுமா என்றாள், எழுதிப் பார் என்றார். எழுதினாள், அழகு என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அவள் ஒன்றும் பேரழகி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒல்லி, பெரிய கண்ணாடி, எப்போதும் கையில் ஒரு தண்ணீர் பாட்டில். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். அவரைத்தான் ஒன்றும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். நேரே போய் நின்று, "இதைக் கொஞ்சம் பாக்கறீங்களா" என்பாள், அவ்வளவுதான். நான் அக்கா என்றால், அலுவலக வழக்கப்படி அவர் அண்ணா, கணக்கு நேராகிவிடும். ஒரு அண்ணா போட்டிருந்தால் என் பாட்டுக்கு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அந்தச் சொல்லை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ.

அவள் நிரலைச் சல்லடை போட்டுச் சலித்தேன். என் சொந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு வரி வரியாகப் படித்தேன். குற்றம் கண்டுபிடிப்பதில் எனக்கு இருக்கும் சாமர்த்தியம் ஊரறிந்தது. ஆனால் அந்த நிரலில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு எழுத்துப்பிழை. ஓரத்தில் எழுதிய குறிப்பில் ஒற்று விட்டுப்போயிருந்தது. அதை விடுவேனா, சுட்டிக்காட்டினேன். "நன்றி அக்கா" என்று பதில் போட்டு உடனே திருத்திவிட்டாள். அவள் கோபப்பட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

உண்மையைச் சொன்னால், நிரல் நன்றாகத்தான் இருந்தது. அது தெரிகிற அளவுக்கு எனக்கு வேலை தெரியும், அதுதான் என் துரதிர்ஷ்டம்.

வீட்டில், அவர் பாத்திரம் தேய்க்க, நான் துடைத்து அடுக்கும் நேரத்தில் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அப்படி என்ன அழகு அதில்? கேட்டது குத்திக்காட்டுவதற்கு. ஆனால் அவர் அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தார். முன்பு ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு தனிப் பாதை இருந்ததாம், அவள் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் கொண்டுவந்துவிட்டாளாம், கேட்கும் வரிசையை ஒரே இடத்தில் வைத்தாளாம். சோப்பு நுரையோடு கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார். முகம் மலர்ந்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்றுகூட இவர் இவ்வளவு பேசியதில்லை. மகள் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்டு வந்த பிறகுதான் வாய் மூடினார். நான் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஒரு சொல். அதை அவர் எனக்கு எழுத வேண்டும், குழுவில் எல்லாரும் பார்க்க எழுத வேண்டும். நானே வாய்விட்டுக் கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை என்பதால் கேட்காமல் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் மாமனார் திரும்பி வந்தார். மாமனார் என்பது எங்கள் சோதனை இயந்திரம். இரும்புப் பெட்டி, உள்ளே எல்லாப் பழைய கார்டுகளும் செருகியிருக்கும், பக்கத்தில் அட்டைப்பெட்டிகள் ஓட ஒரு குட்டி பெல்ட்டும் உண்டு. ஓயாமல் உறுமும், காலையில் முதலில் அதைக் கவனிக்காவிட்டால் நாள் முழுக்க மல்லுக்கு நிற்கும், அதனால் அந்தப் பெயர். மின்விசிறி பழுதாகி வெளியே போயிருந்தது. அது இல்லாத நாட்களில் புதுப்பொண்ணு தன் நிரலை ஒரு சின்ன இயந்திரத்தில்தான் ஓட்டிப் பார்த்திருந்தாள். அதில் கம்பிக்கு ஒரு கார்டுதான். இப்போது முதல் முறையாக மாமனாரில் ஏற்றினாள். பெல்ட் நகர்ந்தது. முதல் பெட்டி எண்ணும் கண்ணைத் தாண்டியது. மாமனார் அப்படியே உறைந்துபோனார்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டார்கள். மறுபடியும் முதல் பெட்டி, மறுபடியும் உறைந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் என் இடத்தில் இருந்து எழுந்து, அறையில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "அழகு பாத்தது போதும், வந்து மாமனாரப் பாருங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் வந்தார். உறைந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். "நீ விடு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவளைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். விடுவேனா? நானே பார்க்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மாமனாரில் இருந்து ஒரு கேபிளை என் கணினிக்கு இழுத்து, கெர்னல் யாரைக் கேட்கிறது, யார் என்ன பதில் சொல்கிறார்கள் என்பது திரையில் வரிவரியாக வரும்படி செய்தேன். எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் வந்து கூடிவிட்டார்கள். கூடட்டும் என்றுதான் இருந்தேன். பெல்ட்டை ஓடவிட்டேன்.

ஐந்தாம் கம்பி இழுபட்டது. கெர்னல் முதல் ஆளைக் கேட்டது: உன்னுதா? என்னுது என்று பதில் வந்தது. கெர்னல் திரும்பிப் போனது. ஆனால் கம்பி இன்னும் இழுபட்டபடியே இருந்தது. மறுபடி கேட்டது. மறுபடியும் என்னுது. திரை முழுவதும் என்னுது, என்னுது, என்னுது என்று ஓடியது. நிற்கவே இல்லை. இழுத்தது பெல்ட் கார்டு. ஆனால் அதன் டிரைவர் வரை கேள்வி போகவே இல்லை. முதலில் நின்ற தேதிக் கார்டின் டிரைவர், தன் கார்டைத் திரும்பியும் பார்க்காமல், எல்லாவற்றையும் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

தேதிக் கார்டின் டிரைவரை எழுதியவள் நான்.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். முன்னாள் புதுப்பொண்ணான மீசைக்காரன் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நழுவினான்.  அப்போது அவள், வேறு யாருக்கும் கேட்காத குரலில், என் பக்கமாகக் குனிந்தாள்.

"அக்கா, பழைய கெர்னல்ல ஒரு வரி இருந்துச்சு. இந்த ஒரு டிரைவர் மட்டும் என்னுதுன்னு சொன்னா நம்பி நின்னுடாதே, மத்தவங்களையும் கேளுன்னு. எதுக்குன்னு எனக்குப் புரியல. எடுக்கலாமான்னு கேட்டேன். எடுத்துடுன்னு சொன்னாங்க."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அவள் கண் போன திசை போதும்.

சாயங்காலம் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அந்த வரியை எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். மகள் பிறந்த வாரம் என்றார்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. நிறைமாதம், கால் இரண்டும் வீங்கி, விசைப்பலகையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டுதான் அந்த டிரைவரை எழுதினேன். கார்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிற பகுதியைப் பிறகு சேர்க்கலாம் என்று, அப்போதைக்கு எல்லாவற்றுக்கும் என்னுது என்று சொல்லும்படி விட்டிருந்தேன். அதற்குள் வலி வந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இவர் மாமனாரில் ஓட்டிப் பார்த்திருக்கிறார், உறைந்திருக்கிறது. கெர்னலில் அந்த ஒட்டைப் போட்டு மூடியிருக்கிறார். அதன் பிறகு எதுவும் உறையவில்லை. அதனால் எனக்கும் அது நினைவுக்கு வரவே இல்லை.

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"பிரசவ வார்டுக்கு வந்து, உன் டிரைவர் பொய் சொல்லுதுன்னு சொல்லச் சொல்றியா?"

கெர்னலிலேயே அசிங்கமான ஒரு வரி எனக்காக எழுதப்பட்டது என்று தெரிந்ததும் மனம் இளகிவிட்டது. அடுத்த சிக்னல் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். சிவப்பு விளக்கில் கார் நின்றது. எனக்குள் இருந்த மற்றவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்காகப் போட்ட வரியை அவள் கேட்டதும் எடுக்கச் சொன்னீர்களே, அது எப்படி என்று கேட்டேன்.

"இத்தனை வருஷம் ஆச்சு, நீ எப்பவோ சரி பண்ணியிருப்பன்னு நினைச்சேன்."

அந்த டிரைவரில் அதற்குப் பிறகு நான் எத்தனையோ மாற்றம் செய்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் போட்டவர் இவர்தான். சரி பண்ணவில்லை என்பது அப்போது கண்ணில் படவில்லையா என்று கேட்டேன். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்து அடுத்த தெருவில் திருப்பிய பிறகுதான் பதில் வந்தது.

"உன்னோடத நான் படிக்கறதில்ல. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

இதைப் பாராட்டாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வேறு யாராவது என்றால் பூரித்துப்போயிருப்பார்கள். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. அவள் புதியவள், தப்பு செய்வாள் என்பதால் அவளை எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறார். படித்ததால் அழகு தெரிந்தது. நான் தப்பு செய்யமாட்டேன் என்ற ஒரே குற்றத்துக்காக இத்தனை வருஷம் என்னைத் திறந்துகூடப் பார்க்காமல் "சரி" போட்டிருக்கிறார். வெட்டிய முடியையும் பார்க்காமலேதான் சொல்லியிருப்பார் போல. இத்தனை நாள் நான் ஒரு சொல்லுக்குப் பொறாமைப்பட்டேன். பட்டிருக்க வேண்டியது அதற்கில்லை என்று அந்தத் தெருவில்தான் தெரிந்தது.  

மறுநாள் போனதும் என் டிரைவரைத் திருத்தினேன். கெர்னல் கேட்டால் முதலில் தன் கார்டைப் பார்க்கும். கார்டு இழுத்திருந்தால் மட்டும் என்னுது என்னும், இல்லாவிட்டால் இல்லை என்று அடுத்தவருக்கு விடும். மாமனாரில் ஓட்டினேன். பெட்டிகள் ஒழுங்காகப் போய்க்கொண்டே இருந்தன. அதன் பிறகு, நாற்பத்தொன்றாவது வரியில், நிரலோடு சம்பந்தமில்லாத ஒரு குறிப்பைச் செருகினேன். "இந்த வரி வரைக்கும் வந்துட்டீங்களா?" ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு மேசை தள்ளி அவர் முதுகு தெரிந்தது. தேநீர்க் கோப்பையை எடுத்து வாயில் வைத்தேன். சூடு ஆறுவதற்குள் திரையில் வந்து விழுந்தது: "சரி".

கார்டைப் பார்க்காமலே என்னுது என்று சொன்ன என் டிரைவர் எவ்வளவோ தேவலை, அதற்குக் கண் கிடையாது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழுதேனா என்று கேட்டால் ஆமாம், அழுதேன், ஆத்திரத்தில்.

திரும்பி வந்தபோது என் நிரலுக்குக் கீழே இன்னொரு குறிப்பு இருந்தது. நாற்பத்தொன்றாவது வரிக்கு நேராக, புதுப்பொண்ணு எழுதியிருந்தாள்.

"அக்கா, நான் வந்துட்டேன். ஆனா இது என்னுது இல்லைன்னு நினைக்கிறேன். அடுத்த ஆளைக் கேக்கறேன்."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவள் தண்ணீர் பாட்டிலோடு அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. ஒரு வாக்கியம்தான் இருக்கும். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.  அவர் நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டார்.

என் திரையில் இருந்த "சரி" காணாமல் போனது. போட்ட ஒப்புதலை அவர் திரும்ப எடுத்து நான் பார்த்ததே கிடையாது.

மூன்றாம் வரியில் ஒரு "ஏன்?" விழுந்தது. காரணம் எழுதினேன். ஒன்பதாம் வரியில் "இங்கே பார்". பார்த்தேன், அவர் சொன்னது நியாயம்தான், அதற்கும் கோபம் வந்தது, திருத்தினேன். பதினெட்டில் ஒரு "ஏன்?". இருபத்தாறில் இன்னொன்று, அதில் அவர் பக்கம்தான் தப்பு, விடாமல் சண்டை போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. முப்பதைத் தாண்டி மெதுவாக வந்துகொண்டிருந்தார். நானும் பசியோடு அந்த முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாற்பத்தொன்றுக்கு எப்படியும் வந்துவிடுவார், எனக்குத் தெரியும். ஆனால் அங்கே முதலில் வந்து சேர்ந்தவள் அவள். அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.